விட்டுச் செல்பவரின் விசுவாசம்

கோயிலுக்குள் நாம் ‘விசுவாசம்’ என்று சொன்னால், அது இறைவன்மீது நாம் வைக்கும் பற்றுறுதியைக் குறிக்கும். கோயில் வாசலைக் கடந்து தெருவுக்கு வந்தால் அதே சொல் வேறொரு பொருளைப் பெறுகிறது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாத வேலையாளை ‘விசுவாசமானவர்’ என்கிறோம். 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘நம்பிக்கை’ என்ற சொல்லைக் கொண்டுவந்தபின் நம் வழிபாட்டில் பழைய சொல் ஓரளவு பின்வாங்கியது. ஆயினும் மக்கள் நாவில் இன்றும் அது இரு பொருள்களோடும் வாழ்கிறது. கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை எழுதியோர் பயன்படுத்திய ‘பிஸ்திஸ்’ என்ற சொல்லும் இவ்வாறே, நம்புவதையும் நம்பத்தக்கவராய் இருப்பதையும் ஒருசேரக் குறிக்கிறது.

இவ்விரண்டாம் பொருளைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம். ஒருவர் தாம் பணிசெய்த இடத்தை விட்டுச் செல்லும்போது அவருடைய விசுவாசம் என்ன ஆகிறது? நிலைத்திருப்பவர் உண்மையுள்ளவர், விலகிச் செல்பவர் துரோகி என்று ஒரே சொல்லில் தீர்ப்பிட்டுவிடலாமா? குடும்பத்திலும் பள்ளியிலும் தொழிற்கூடத்திலும் பங்கிலும் அன்றாடம் எழும் கேள்வி இது. ஆனால் எல்லாரும் பார்க்கும்படி, வெட்டவெளியில் அது எழுப்பப்படுவது விளையாட்டுக் களத்திலேதான். ஆகவே ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். ஆன்மிக ஏட்டில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று வாசகர் வினவ வேண்டியதில்லை. பந்தயத் திடலையும் குத்துச்சண்டையையும் காட்டிக் கொரிந்தியருக்குப் பாடம் நடத்தியவர் பவுலடியார்.

நம் இரும்பை வட்டாரத்திலும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களிலும் மாலை வேளையில் நாம் அதிகம் காண்பது கைப்பந்தும் கபடியுமே. குமரிக் கடற்கரையின் கத்தோலிக்கச் சிற்றூர்களிலும் வடசென்னையின் வியாசர்பாடியிலும் கால்பந்து வேரூன்றியதுபோல் இங்கு வேரூன்றவில்லை. இருப்பினும், 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கி, சென்னையின் எஃப்.சி. என்ற கழகம் எழுந்தபின், அதன் வெற்றி தோல்விகளைக் கைப்பேசியில் பின்தொடரும் இளைஞர் இங்கும் உண்டு. அக்கழகத்திற்கு இருமுறை பயிற்சியாளராக வந்து, இருமுறை விடைபெற்றுச் சென்றவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஓவன் கொய்ல். அவருடைய வருகைகளையும் புறப்பாடுகளையும் சற்று உற்றுநோக்குவோம்.

கொய்ல் சென்னைக்கு வருமுன்னரே ஒரு பெரும் புயலைக் கண்டவர். இங்கிலாந்தின் வடமேற்கில் பர்ன்லி என்ற சிறு தொழில்நகரம் இருக்கிறது. 2007-இன் இறுதியில் அந்நகரின் கழகத்திற்கு அவர் பயிற்சியாளரானார். 2009 மே மாதம் வெம்பிளி அரங்கில் ஷெஃபீல்டு யுனைடெட் அணியை 1-0 என்று வென்று, 33 ஆண்டுகளுக்குப்பின் அக்கழகத்தை நாட்டின் முதல் நிலைப் பிரிவுக்கு உயர்த்தினார். அடுத்த சில வாரங்களில் ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற செல்டிக் கழகம் அவரை நாடியது. அவரோ பர்ன்லியிலேயே தங்கிப் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நகரமே மகிழ்ந்தது. ஆனால் 2010 சனவரியில், ஆட்டப் பருவம் பாதியில் நிற்கும்போதே, அண்டையிலுள்ள போல்ட்டன் கழகத்திற்கு அவர் சென்றுவிட்டார். தாம் முன்பு வீரராக விளையாடிய கழகம் அது. உதவியாளர் சிலரும் அவருடன் சென்றனர். பர்ன்லி அப்பருவத்தின் முடிவில் மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. முன்னாள் அவரைக் கொண்டாடிய அதே மக்கள் அவரை ‘யூதாசு’ என்று அழைத்தனர்.

அடுத்துச் சென்னை. 2018 மார்ச்சில் ஜான் கிரிகோரி என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளரின்கீழ்ச் சென்னை அணி இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்றது. மறு பருவத்திலோ பட்டியலின் கடைசி இடத்திற்குச் சரிந்தது. அதற்கடுத்த பருவத்தில் முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்ற நிலையில், 2019 நவம்பர் இறுதியில் கிரிகோரி பொறுப்பிலிருந்து விலகினார். சில நாள்களில் கொய்ல் வந்தார். துவண்டு கிடந்த அணியை நான்காம் இடத்திற்கு உயர்த்தி, இறுதியாட்டம் வரைக்கும் இட்டுச் சென்றார். 2020 மார்ச் 14 அன்று, கொரோனாத் தொற்றின் காரணமாகப் பார்வையாளர் எவருமின்றி, கோவாவில் நடந்த அந்த ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி 3-1 என்று வென்றது. பருவம் முடிந்து சில மாதங்கள் கழித்து, ஆகஸ்டில், கொய்ல் ஜாம்ஷெட்பூர் கழகத்திற்குச் சென்றார். சென்னைக்காகக் கோல்மழை பொழிந்த லிதுவேனிய வீரர் நெரியுஸ் வால்ஸ்கிஸும் அங்கேயே சேர்ந்தார். 2021-22 பருவத்தில் ஜாம்ஷெட்பூர் அணி லீக் சுற்றில் முதலிடம் பெற்றுக் கேடயத்தை வென்றது. அதன்பின் தாயகம் திரும்பிய கொய்ல், 2023-இல் மீண்டும் சென்னைக்கே வந்தார். விட்டுச் சென்றவரைச் சென்னை மக்கள் கதவைத் திறந்து வரவேற்றனர். 2025-இல் அவர் மறுபடியும் விடைபெற, கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்டு மிராண்டா அப்பொறுப்பை ஏற்றார்.

ஒரே மனிதர்; பல புறப்பாடுகள். ஓரிடத்தில் அவர் யூதாசு. மற்றோரிடத்தில் மீண்டும் வரவேற்கத்தக்க நண்பர். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் மக்களின் மனநிலை மட்டுந்தானா? அன்று, செயல்களுக்குள்ளேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. அதைக் காணுமுன், யூதாசு என்ற பெயரை நாம் எவ்வளவு எளிதாக வீசுகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

யூதாசின் பாவம் எது? இயேசுவை விட்டுச் சென்றதா? யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். வாழ்வு தரும் உணவைப் பற்றி ஆண்டவர் போதித்தபோது, அப்பேச்சைத் தாங்க இயலாமல் சீடர் பலர் அவரை விட்டு அகன்றனர். அவர்களை ஆண்டவர் துரோகிகள் என்று பழிக்கவில்லை. எஞ்சிய பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போய்விட எண்ணுகிறீர்களா என்றுதான் கேட்டார். கதவு திறந்தே இருந்தது. யூதாசு அன்று அக்கதவு வழியே செல்லவில்லை, தங்கினான். பந்தியில் அமர்ந்தான், ஒரே கிண்ணத்தில் கையிட்டான், பணப்பையையும் அவனே வைத்திருந்தான். உள்ளே இருந்துகொண்டே, தனக்குக் காட்டப்பட்ட நெருக்கத்தை விலைபேசினான் என்பதே அவன் பாவம். வெளிப்படையாக விடைபெற்றுச் செல்பவர்களைவிட, விடைபெறாமல் அமர்ந்திருந்து உள்ளத்தால் எப்போதோ போய்விட்டவர்களே அவனுக்கு நெருங்கிய உறவினர். நாற்காலியை விடாமல் பற்றியிருப்பது விசுவாசத்திற்குச் சான்றாகாது.

அப்படியானால் பர்ன்லி மக்களின் மனக்காயம் வெறும் மாயையா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. இங்கே புனித தாமஸ் அக்குவினாவின் விளக்கம் நமக்குக் கைகொடுக்கிறது. வாக்களித்தபோது உண்மையாகவே அதை நிறைவேற்றும் எண்ணம் கொண்டிருந்தவர், பின்னர் அதைச் செய்யாவிட்டால், பொய்யர் ஆவதில்லை. ஆனால் எண்ணத்தை மாற்றிக்கொண்டதால் வாக்குத் தவறியவர்போல் தோன்றுவார். இருப்பினும், வாக்களித்த காரியம் முறைகேடானதாயின் அவர் குற்றமற்றவர். ஆள்களின் நிலையும் காரியத்தின் நிலையும் மாறிவிட்டாலும் அவர் குற்றமற்றவர் என்கிறார் அப்புனிதர். எனவே ஒவ்வொரு புறப்பாட்டின்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, “போனாரா, இருந்தாரா?” என்பதன்று. “என்ன வாக்களித்திருந்தார்? அதன்பின் எது மாறியது? அவர் போன வேளையில் அவரை நம்பியிருந்தோர் எந்நிலையில் இருந்தனர்?” என்பவையே.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். பர்ன்லியில் புதிய ஒப்பந்தத்தின் மை காய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பருவத்தின் பாதியில், நடு ஆற்றில் படகோட்டி இறங்குவதுபோல் அப்புறப்பாடு நிகழ்ந்தது. அவருடைய உள்ளத்தை நாம் அறியோம். அதை நியாயந்தீர்க்கும் உரிமையும் நமக்கில்லை. ஆனால் செயலைப் பொறுத்தமட்டில், ஒரு கடன் தீராமல் நின்றது என்று சொல்வது அநீதியாகாது. சென்னையிலோ, படகு கரையைத் தொட்டபின் அவர் இறங்கினார். ஏற்ற பருவத்தை இறுதியாட்டத்தின் கடைசி நிமிடம் வரை நடத்தி முடித்தார். வெற்றி கிட்டவில்லை, ஆயினும் கடன் தீர்ந்தது. கடன் தீர்த்துச் செல்பவர் எங்குச் செல்லவும் உரிமையுள்ளவர். அவரை யூதாசு என்பது அவருக்கு மட்டுமன்று, உண்மைக்கும் இழைக்கும் தீங்காகும்.

தமிழராகிய நமக்கு இது புதிய வழக்கன்று. கும்பகருணனா, வீடணனா என்று எத்தனை பட்டிமன்றங்கள் கேட்டிருக்கிறோம்! செஞ்சோற்றுக் கடன் தீர்க்க அண்ணனோடு நின்று மடிந்தவன் ஒருவன்; அறத்தை நாடி அண்ணனை விட்டு அகன்றவன் மற்றவன். கம்பர் இருவரையும் பெருமை குன்றாமலே படைத்தார். இருவரிடத்தும் ஒரு பொதுப்பண்பு உண்டு. கும்பகருணன் போருக்குப் போகுமுன் தன் அண்ணனிடம் அவன் செய்தது தவறென்று நேரில் சொன்னான். வீடணனும் எடுத்துரைத்து, கேட்கப்படாதபின்னரே அகன்றான். நின்றவனும் முகத்துக்கு நேரே பேசினான். சென்றவனும் முகத்துக்கு நேரே பேசிச் சென்றான். விசுவாசத்தின் முதல் அடையாளம் இந்த வெளிப்படைத்தன்மையே என்று துணிந்து கூறலாம்.

இன்னொரு பக்கத்தையும் மறந்துவிடலாகாது. விசுவாசம் ஒருவழிப் பாதையன்று. 2014 முதல் 2025 வரையிலான காலத்தில், இடைக்காலப் பொறுப்பாளர்களைச் சேர்க்காமலே, சென்னைக் கழகத்தின் பயிற்சியாளராக ஏழு பேர் அமர்ந்தனர். உலகெங்கும் கழகங்களின் நிலை இதுவே. நாலைந்து தோல்விகள் வந்தால் பயிற்சியாளர் வெளியேற்றப்படுகிறார். அவ்வாறு வெளியேற்றுவதை எவரும் துரோகம் என்பதில்லை, நிர்வாக முடிவு என்கின்றனர். அனுப்பும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, செல்லும் உரிமையை மட்டும் பாவம் என்பது எவ்வாறு நீதியாகும்? வேலையாளிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கும் முதலாளியும், ஆசிரியரிடம் எதிர்பார்க்கும் நிறுவனமும், பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் பெற்றோரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. 2022 பிப்ரவரியில், கோவாவிடம் 5-0 என்று தோற்றபின் பாண்டோவிச் என்ற பயிற்சியாளர் விடுவிக்கப்பட்டபோது, எஞ்சிய ஆட்டங்களுக்குச் சென்னை அணியைப் பொறுப்பேற்றவர் சையது சபீர் பாஷா. இந்தியன் வங்கி அணியிலும் நாட்டின் அணியிலும் ஆடியவர். நெடுநாள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். வெளிநாட்டார் வருவதும் போவதுமாயிருக்க, அருகிலிருந்து பணியாற்றுபவர்களின் பெயரைக் கூட்டம் அவ்வளவாகக் கூவுவதில்லை. நம் பங்குகளிலும் இத்தகையோர் உண்டு: உபதேசியார், கோயிற்பிள்ளை, பாடகர் குழுவை நடத்துபவர். பங்குத்தந்தையர் மாறுகின்றனர், இவர்கள் இருக்கின்றனர்.

இறுதிவரை விலகாமலே நின்றவர்களையும் கால்பந்து வரலாறு காட்டுகிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம் 1950 முதல் இந்திய அணியைப் பயிற்றுவித்தார். 1951-இல் ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். புற்றுநோய் உடலைத் தின்றுகொண்டிருந்த நிலையிலும் 1962-இல் ஜகார்த்தாவுக்கு அணியை அழைத்துச் சென்றார். செப்டம்பர் 4 அன்று இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டு சூன் 11 அன்று ரகீம் காலமானார். அதன்பின் இன்றுவரை அத்தங்கம் நமக்குக் கிட்டவில்லை. ஆனால் அந்த இறுதியாட்டத்தில் கோல் அடித்த அவருடைய மாணவர் பி.கே. பானர்ஜி, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற அணியின் பயிற்சியாளருள் ஒருவராக நின்றார். சாகும்வரை நிற்பவருக்கும் வாரிசு தேவை. எவரும் எப்போதும் இருப்பதில்லை. ஆகவே நின்றாலும் சென்றாலும் விசுவாசத்தின் இறுதிச் சோதனை ஒன்றே: தமக்குப்பின் வருபவருக்கு அவர் எதை விட்டுச் செல்கிறார்?

இச்சோதனையில் தேறுவது எளிதன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்தை இரண்டாம் பிரிவிலிருந்து எடுத்துப் புகழின் உச்சிக்கு ஏற்றியவர் பில் ஷாங்க்லி. 1974-இல், எவரும் எதிர்பாராமல், தாமாகவே விலகினார். அவருடைய உதவியாளர் பாப் பெய்ஸ்லி பொறுப்பேற்றார். ஆனால் ஷாங்க்லியின் கால்கள் பழைய பயிற்சித் திடலை மறக்கவில்லை. அங்கே அவர் வந்துகொண்டேயிருந்தார். வீரர்கள் பழைய பழக்கத்தில் அவரையே தலைவர் என்று அழைத்தனர். புதியவருக்கு அது சங்கடமாயிற்று. கடைசியில் இருதரப்பிலும் மனக்கசப்பு மிஞ்சியது. தீமை நினைத்தா அவர் வந்தார்? இல்லை, அன்பினாலேதான் வந்தார். அன்புங்கூட இடம் அறிந்து ஒதுங்காவிட்டால் சுமையாகிறது. பெய்ஸ்லியோ ஒன்பது ஆண்டுகளில் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்றார்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே கழகத்தில் மற்றொரு விடைபெறல். யூர்கன் குளோப் 2024 சனவரியிலேயே, தம் ஆற்றல் தீர்ந்துவருகிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, பருவத்தின் முடிவில் விலகப்போவதை அறிவித்தார். மே 19 அன்று கடைசி ஆட்டம் முடிந்து, அரங்கம் முழுவதும் அவருடைய பெயரைப் பாடக் காத்திருந்த வேளையில், தமக்குப்பின் வரவிருந்த ஆர்னே ஸ்லாட்டின் பெயரை அவரே பாடி, மக்களையும் பாடவைத்தார். அடுத்த பருவத்தில் ஸ்லாட்டின்கீழ் அக்கழகம் நாட்டின் முதற்பட்டத்தை வென்றது. குளோப் அன்று பாடியதனால்தான் அவ்வெற்றி கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை. புதியவர்மீது மக்கள் ஐயம் கொள்ளாதபடி அவர் ஒரு கல்லை வழியிலிருந்து அகற்றினார் என்றே சொல்கிறோம்.

மோசே நெபோ மலையேறுமுன் யோசுவாவின்மீது கைகளை வைத்து, மக்கள் அனைவரும் காண அவருக்கு ஊக்கமூட்டியதும் இதுவே. சீடர்கள் ஓடிவந்து, எல்லாரும் இயேசுவிடம் போகிறார்களே என்று முறையிட்டபோது, திருமுழுக்கு யோவான் தம்மை மணமகனின் தோழர் என்று சொல்லி மகிழ்ந்ததும் இதுவே. நம் காலத்திலும் இதைக் கண்டோம். 2013 பிப்ரவரி 11 அன்று திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் பதவி விலகலை அறிவித்தார். அம்மாதம் 28-ஆம் நாள், கர்தினால்களிடம் விடைபெறும்போது, அவர்களுள் எவர் தேர்ந்தெடுக்கப்படுவார் என்று தெரியாத நிலையிலேயே, அவருக்கு நிபந்தனையற்ற வணக்கத்தையும் கீழ்ப்படிதலையும் வாக்களித்தார். பின்னர் 2022 டிசம்பர் 31 வரை வத்திக்கான் தோட்டத்து இல்லமொன்றில் செபத்தில் வாழ்ந்தார். அவருடைய பெயரைக் கேடயமாக்கித் திருத்தந்தை பிரான்சிசை எதிர்க்க முனைந்தோர் சிலர் இருந்தனர். திருத்தந்தை ஒருவரே என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். திருச்சபைச் சட்டம் பங்குத்தந்தைக்கு நிலையான தன்மை வேண்டும் என்கிறது. அதே சட்டம், ஆன்மாக்களின் நலன் கோரும்போது ஆயர் அவரை மாற்றவும், 75 வயது நிறையும்போது அவர் விலகல் மடலை அளிக்கவும் வழிசெய்கிறது. மாற்றல் ஆணை வந்ததும் நம் ஊர்களில் நடப்பது என்ன? “இந்தச் சாமியார்போல் இனி ஒருவர் வருவாரா?” என்று கண்ணீர். மூன்று மாதத்தில், “பழைய சாமியார் இருந்தபோது இப்படியா நடந்தது?” என்று முணுமுணுப்பு. ஆறு மாதத்தில் பழையவர் கட்சி, புதியவர் கட்சி. பழையவருக்குத் தொலைபேசியில் தினமும் செய்தி போகிறது. அவர் கேட்காவிட்டாலும் போகிறது. கொரிந்தில் இதே நோய் இருந்தது. நான் பவுலைச் சார்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சார்ந்தவன் என்று அவர்கள் பிரிந்து நின்றபோது, ஒருவர் நட்டார், மற்றவர் நீர் பாய்ச்சினார், விளையச் செய்தவர் கடவுளே என்று பவுலடியார் அவர்களைத் தெளிவித்தார். நட்டவர்மீது கொண்ட அன்பால் நீர் பாய்ச்சுபவரைத் தடுத்தால், வாடுவது பயிர்தான்.

குருக்களாகிய எங்களுக்கும் இதில் பாடம் உண்டு. புறப்படும் நாள்வரை முழு மனத்தோடு உழைப்பதும், கணக்குகளையும் பதிவேடுகளையும் முறையாக ஒப்படைப்பதும், தொடங்கிய பணியின் நிறைவையும் குறையையும் மறைக்காமல் அடுத்தவரிடம் சொல்வதும் கடமை. பழைய பங்கிலிருந்து அழைப்பு வரும்போது, அன்போடு நலம் விசாரித்து, “உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள்” என்று சொல்லத் தெரிந்திருப்பதும் கடமையே. பின்வருபவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: முன்னவர் வைத்த மரத்தைக் காரணமின்றி வெட்டுவதில் புதுமை எதுவுமில்லை. ஷாங்க்லி கட்டிய அணியைக் கலைத்து எறியாமல், அதன்மேல் கட்டியதனாலேயே பெய்ஸ்லி உயர்ந்தார்.

இரும்பை ஏரியைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. தொண்டை மண்டலத்து ஏரிகளை நம் முன்னோர் தனித்தனியாக வெட்டவில்லை, சங்கிலியாக வெட்டினர். மேல் ஏரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியே உபரிநீர் கீழ் ஏரிக்குப் போகும். தன்னிடம் வந்த நீரைக் கரை உடையாமல் காப்பது ஏரியின் கடமை. நிறைந்தபின் கலங்கலை அடைக்காதிருப்பதும் அதன் கடமை. கரை உடைந்தால் ஊர் மூழ்கும்; கலங்கலை அடைத்தால் கரையே உடையும்.

எனவே, அடுத்த முறை நம் பங்கிலிருந்தோ பள்ளியிலிருந்தோ ஒருவர் விடைபெறும்போது, மூன்று செயல்களைச் செய்வோம். அவர் செய்த நன்மைக்கு, தயங்காமல், அவருடைய முகத்துக்கு நேரே நன்றி கூறுவோம். அவர் தீர்க்காமல் விட்ட கடன் ஏதேனும் இருப்பின், அதைத் தூற்றாமல் நாமே சுமந்து தீர்ப்போம். வருபவரின் பெயரை, அவரை இன்னும் அறியாத நிலையிலேயே, நம் செபத்தில் சேர்த்துக்கொள்வோம். செல்பவர் நம்மைக் கைவிடுகிறார் என்று தோன்றும் வேளையில், தாம் போவது நமக்கு நல்லது என்று இறுதி இரவில் தம் சீடரிடம் சொல்லி, துணையாளரை அனுப்பிய ஆண்டவரை நினைவில் கொள்வோம். அவரே நம்மோடு என்றும் இருப்பவர். மற்ற அனைவரும் அவருடைய மந்தையைச் சில காலம் மேய்க்க அனுப்பப்பட்டவர்கள்.